குற்றப் பதிவேடு புள்ளிவிவரம் ஆவது எப்படி? நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை



வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றி வரும். இந்தியச் சிறைகளில் இருப்போரில் முஸ்லிம்கள் இத்தனை சதவீதம் என்று ஓர் எண் அதில் இருக்கும். அதை அனுப்புபவர்களில் ஒரு சாரார், "பாருங்கள், இவர்கள் இப்படித்தான்" என்பார்கள். மறு சாரார், "பாருங்கள், எல்லாமே நமக்கு எதிராகத்தான் நடக்கிறது" என்பார்கள். எண் ஒன்று, முடிவு இரண்டு. அந்த எண்ணை யார் எடுத்தார்கள், எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள் என்று இரு சாராரும் கேட்பதில்லை.

இன்னொரு பக்கம், சட்ட உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களுக்கு வேறொரு கவலை. "ஸ்டேஷனில் பையன் பெயரை எழுதிவிட்டார்கள். அது கம்ப்யூட்டரில் ஏறினால் எங்கெல்லாம் போகும்?" என்று கேட்கிறார்கள். 1998-க்குப் பிறகு நம் கோவை மாவட்டத்தில் காவல் நிலையப் பதிவேடு என்ற பேச்சை எடுத்தாலே அஞ்சும் வீடுகள் உண்டு. இந்தக் கவலைக்கும் அந்த வாட்ஸ்அப் எண்ணுக்கும் மூலம் ஒன்றுதான். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் சிறையிலும் எழுதப்படும் பதிவுகள்தாம் அது. அவை எப்படிப் புள்ளிவிவரமாக மாறுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், வீண் பயமும் குறையும், ஏமாறுவதும் குறையும்.

ஒரு பதிவேடு, இரண்டு வேலைகள்

முதல் தகவல் அறிக்கை ஒரு குறிப்பிட்ட வழக்குக்காக எழுதப்படுகிறது. யார் மீது புகார், எந்தப் பிரிவு, எந்த நாள், எந்த இடம் என்பதே அதன் வேலை. அது ஒரு மனிதரைச் சுட்டிக்காட்டும் காகிதம். அதே போன்ற ஆயிரக்கணக்கான காகிதங்களை ஒன்றுசேர்த்து, ஒருவர் பெயரையும் சொல்லாமல், எத்தனை வழக்குகள், எத்தனை நாள் தாமதம், எத்தனை விடுதலை என்று எண்ணுவது இரண்டாவது வேலை. இதைத்தான் ஆய்வுக்கான தரவு என்கிறோம்.

இது புதிய யோசனை அல்ல. பிரான்சு நாடு 1825-ஆம் ஆண்டின் நீதிமன்றப் பதிவுகளைத் தொகுத்து 1827-இல் தேசியக் குற்றப் புள்ளிவிவரமாக வெளியிட்டது. நம் நாட்டில் 'இந்தியாவில் குற்றங்கள்' என்ற ஆண்டறிக்கை 1953-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து வருகிறது. 1986-இல் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டு அந்தப் பொறுப்பை ஏற்றது. சிறைப் புள்ளிவிவர அறிக்கை 1995-இலிருந்து தனியாக வருகிறது.

சூலூரிலிருந்து டெல்லி வரை

நம் சூலூர் காவல் நிலையம் கோவை மாவட்டக் காவல்துறையின் கீழ் உள்ளது. மாநகரக் காவல் ஆணையரகம் வேறு. டெல்லி அறிக்கையின் மாவட்ட வாரி அட்டவணைகளில் கோவை மாநகரமும் கோவை ஊரகமும் தனித்தனி வரிசைகளாக இருப்பது இதனால்தான். "கோவையில் குற்றம் கூடியது" என்று செய்தி வந்தால், எந்தக் கோவை என்று முதலில் கேட்க வேண்டும்.

நிலையத்தில் பதிவாகும் வழக்கு இப்போது நாடு முழுவதும் காவல் நிலையங்களை இணைக்கும் கணினி வலையமைப்பில் ஏற்றப்படுகிறது. 2009-இல் ஒப்புதல் பெற்ற திட்டம் அது. மாவட்ட குற்ற ஆவணக் காப்பகம், மாநிலக் காப்பகம் ஆகியவற்றைக் கடந்து கணக்கு டெல்லிக்குப் போகிறது. அங்கே எல்லா மாநிலங்களின் கணக்கும் ஒரே வகைப்பாட்டுக்குள் கொண்டுவரப்படுகிறது. இந்த ஒழுங்குபடுத்தல் எளிதல்ல. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 என்றிருந்த பிரிவு 103 ஆகிவிட்டது. நாம் பேச்சுவழக்கில் சொல்லும் 420 இப்போது 318. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்தாமல் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டால், ஒரு குற்றம் திடீரென்று மறைந்துவிட்டதாகவும் இன்னொன்று முளைத்துவிட்டதாகவும் தோன்றும்.

எண்ணுவது குற்றத்தை அல்ல, பதிவை

இந்த அறிக்கைகளில் உள்ளது நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அல்ல, பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. இது முக்கியமான வேறுபாடு. மூன்று எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது, சி.எஸ்.ஆர். ரசீது. புகார் கொடுக்கப் போனவர்கள் பலர் இந்த ரசீதோடு திரும்பியிருப்பார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான ஒப்புகைதான் அது. முதல் தகவல் அறிக்கையாக மாறாதவரை அந்தப் புகார் தேசியக் குற்றக் கணக்கில் சேராது. வீட்டுக்குள் அடி வாங்கிய ஒரு பெண்ணின் புகார் ரசீதோடு சமாதானமாகி முடிந்தால், புள்ளிவிவரத்தில் அவருக்கு எதுவும் நடக்கவில்லை.

இரண்டாவது, முதன்மைக் குற்ற விதி. ஒரே வழக்கில் பல பிரிவுகள் இருந்தால் அவற்றில் மிகக் கடுமையான ஒன்றுதான் அறிக்கையில் எண்ணப்படும். பாலியல் வன்முறைக்குப் பின் கொலை நடந்திருந்தால் அது கொலைக் கணக்கில் போய்விடும். கீழே இருக்கும் பிரிவுகள் எண்ணில் தெரியாது.

மூன்றாவது, 2020 ஊரடங்கு. 2019-இல் நாடு முழுவதும் பதிவானவை சுமார் 51.6 லட்சம் வழக்குகள். 2020-இல் அது 66 லட்சத்தைத் தாண்டியது. மொத்த எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. நம் மக்கள் ஒரே ஆண்டில் குற்றவாளிகளாகிவிட்டார்களா? இல்லை. அரசு உத்தரவை மீறியதற்கான 188-ஆவது பிரிவில் பதிவான வழக்குகள் நாடு முழுவதும் சுமார் 29 ஆயிரத்திலிருந்து 6 லட்சத்து 12 ஆயிரமாக உயர்ந்தன. பால் வாங்கவும் மருந்து வாங்கவும் வெளியே போய் வண்டியைப் பறிகொடுத்தவர்கள் நம் தெருவிலும் இருந்தார்கள். கூடியது சட்டத்தைப் பயன்படுத்திய அளவு.

சிறைக் கணக்கை வாசிக்கும் முறை

இனி அந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் முஸ்லிம்கள் 14.2 சதவீதம். 2019-ஆம் ஆண்டின் சிறைப் புள்ளிவிவரத்தில் தண்டனைக் கைதிகளில் 16.6 சதவீதமும், விசாரணைக் கைதிகளில் 18.7 சதவீதமும், தடுப்புக் காவலில் இருந்தோரில் 35.8 சதவீதமும் முஸ்லிம்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை சில. இந்தக் கணக்கு டிசம்பர் 31 அன்று சிறைக்குள் இருந்தவர்களின் கணக்கு. ஒரு வாரத்தில் ஜாமீனில் வந்தவர் அன்றைக்கு உள்ளே இருக்கும் வாய்ப்பு குறைவு. ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பவர் ஒவ்வொரு டிசம்பரிலும் எண்ணப்படுவார். ஆகவே இந்த எண் குற்றம் செய்தோரின் எண்ணிக்கையைவிட, வெளியே வர முடியாதவர்களின் எண்ணிக்கையையே அதிகம் காட்டுகிறது. விசாரணைக் கைதி என்பவர் குற்றம் நிரூபிக்கப்படாதவர் என்பதையும் மறக்கக் கூடாது. 2022 கணக்கில் நாட்டின் மொத்தக் கைதிகள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, எல்லா மதத்தாரையும் சேர்த்து, நான்கில் மூன்று பேர் தீர்ப்புக்காகக் காத்திருப்பவர்கள்.

அப்படியானால் தண்டனைக் கைதிகளைவிட விசாரணைக் கைதிகளில் நம் பங்கு ஏன் கூடுதல்? வறுமையா, நகரங்களில் செறிந்து வாழ்வதா, இளைஞர்களின் விகிதமா, வக்கீல் வைக்க முடியாததா, பாகுபாடா? அச்சிட்ட அறிக்கையை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. காரணம், மதம் ஓர் அட்டவணையில் இருக்கும், வயது வேறோர் அட்டவணையில், படிப்பு இன்னோர் அட்டவணையில். ஒரே வயதும் ஒரே படிப்பும் ஒரே வகை வழக்கும் உள்ள இருவரில் யார் அதிக நாள் உள்ளே இருக்கிறார் என்று பார்க்க, பெயர் நீக்கப்பட்ட தனித்தனிப் பதிவுகள் வேண்டும். நிர்வாகப் பதிவேடுகளை ஆய்வுத் தரவாக மாற்றக் கேட்பதன் நோக்கம் இதுதான்.

இன்னார் என்று அறிவது

தனித்தனிப் பதிவுகளைச் சேர்க்கும்போது வரும் பெரிய சிக்கல் பெயர். காவல் நிலையத்தில் ஒரு பதிவு, நீதிமன்றத்தில் ஒரு பதிவு, சிறையில் ஒரு பதிவு. மூன்றும் ஒரே மனிதருடையவை என்று எப்படி அறிவது?

நம் பெயர்களில் இது இன்னும் கடினம். காதர், காதிர், காதர் மைதீன், அப்துல் காதர் என்று ஒருவரையே நான்கு இடத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள். முகமது என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் என்று சொல்ல வேண்டியதில்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒரு காகிதத்தில் முன்னால் வரும், ஒன்றில் பின்னால் வரும், ஒன்றில் விடுபட்டுப் போகும். கணினி இங்கே இரண்டு விதமாகத் தவறலாம். ஒருவரை இருவராகப் பிரிக்கலாம், அல்லது இருவரை ஒருவராகச் சேர்த்துவிடலாம்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது பழக்கமான பிரச்சினை. ஹதீஸ் அறிவிப்பாளர்களில் ஒரே பெயர் கொண்டவர்கள் பலர். இவர் இன்னாரின் மகன், இந்த ஊர்க்காரர், இந்த ஆசிரியரிடம் கேட்டவர், இந்த ஆண்டில் மரணித்தவர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, நம்பகமானவரைப் பலவீனமானவரிடமிருந்து பிரித்தார்கள் நம் இமாம்கள். பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் இருப்பவர்களைப் பற்றி, ஹிஜ்ரி 463-இல் மறைந்த கதீப் அல்பக்தாதி தனி நூலே எழுதினார். பெயரை மட்டும் வைத்து ஆளை முடிவு செய்யக் கூடாது என்பது அந்தக் கலையின் பாடம். இன்றைய தரவு ஆய்வாளர்களும் பெயரோடு பிறந்த தேதி, ஊர், தகப்பனார் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் பொருத்துகிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் பல மாநிலங்களின் காவல், நீதிமன்ற, சிறைப் பதிவுகளை இப்படி இணைத்து, ஆய்வுக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு வைத்திருக்கிறது.

புள்ளிவிவரத்தில் இரண்டு பதிவு தவறாகச் சேர்ந்தால் சதவீதத்தில் சிறு மாற்றம்தான் வரும். ஒரு மனிதரின் வழக்கில் தவறாகச் சேர்ந்தால் நிலைமை வேறு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவின்படி, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி, அதிகபட்சத் தண்டனையின் மூன்றில் ஒரு பங்கு காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால் பிணைப்பத்திரத்தில் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்கு அது பாதிக் காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. நம் விசைத்தறிப் பட்டறை இளைஞர் ஒருவரின் பதிவில் அதே பெயர் கொண்ட வேறொருவரின் பழைய தண்டனை ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் மூன்றில் ஒரு பங்கு காலத்தில் வெளியே வரும் உரிமையை இழந்து நிற்பார்.

ஆய்வுகள் என்ன காட்டின?

நம் நாட்டிலேயே இப்படிப்பட்ட ஆய்வுகள் நடந்துள்ளன. எலியட் ஆஷ், சாம் ஆஷர், பால் நோவோசாட் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள், இ-கோர்ட்ஸ் தளத்தில் யாரும் பார்க்கக்கூடியதாக இருந்த 2010 முதல் 2018 வரையிலான சுமார் 8 கோடி கீழமை நீதிமன்ற வழக்குப் பதிவுகளைத் திரட்டினார்கள். அவற்றில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட குற்ற வழக்குகளை எடுத்து ஒரு கேள்வி கேட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவரும் நீதிபதியும் ஒரே மதத்தவராகவோ ஒரே பாலினத்தவராகவோ இருந்தால் விடுதலை கூடுகிறதா? எந்த வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பது பெரும்பாலும் தற்செயலாக அமைவதால் ஒப்பிட முடிந்தது.

பொதுவாகப் பார்த்தால் அப்படி ஒரு சார்பு தெரியவில்லை என்பதே கிடைத்த பதில். அடையாளம் முன்னுக்கு வரும் சில சூழல்களில் மட்டும் சிறிய அளவில் சார்பு தெரிந்தது. நம்மில் சிலர் எதிர்பார்த்த பதில் இதுவாக இருக்காது. ஆனாலும் அதை உள்ளபடி சொல்வதுதான் நேர்மை. அதே நேரம், அந்த ஆய்வு அளந்தது என்ன என்பதையும் உள்ளபடி சொல்ல வேண்டும். நீதிபதியின் மேசைக்கு வந்த பிறகு நடப்பதை மட்டுமே அது பார்த்தது. யார் கைது செய்யப்பட்டார், எந்தப் பிரிவு போடப்பட்டது, யாருக்கு ஜாமீன்தாரர் கிடைத்தார் என்ற முந்தைய கட்டங்களைப் பற்றி அது தீர்ப்புச் சொல்லவில்லை.

அந்த முந்தைய கட்டங்களையும் பார்க்க முடியும் என்பதற்கு ஹரியானா ஆய்வு சான்று. நிர்விகார் ஜஸ்ஸல் என்ற அரசியல் அறிவியலாளர் அந்த மாநிலத்தின் 4,18,190 முதல் தகவல் அறிக்கைகளை நீதிமன்றப் பதிவுகளோடு பொருத்தினார். புகார் பதிவாவதிலிருந்து தீர்ப்பு வரை, பெண்கள் கொடுத்த புகார்கள் ஒவ்வொரு படியிலும் பின்தங்கிப் போவது தெரிந்தது. ஒரு வழக்கை மட்டும் பார்த்தால் "அந்த அதிகாரி சரியில்லை" என்று முடித்துவிடுவோம். நான்கு லட்சம் வழக்குகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் எந்தப் படியில் ஓட்டை என்று தெரிகிறது.

பதிவேடு ஆயுதமாகக் கூடாது

பதிவேட்டின் ஆபத்தையும் நம் மண் அறியும். ஆங்கிலேயர் 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியை வைத்தே மக்களைப் பதிவேட்டில் ஏற்றி, கைரேகை எடுத்தார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். ஒரு கூட்டத்தைப் பற்றிய எண்ணிக்கையைத் தனி மனிதர் மீது திருப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே இங்கே ஒரு கோடு தேவை. ஆய்வுக்காகச் சேர்த்த தரவு எந்தத் தனி மனிதர் மீதும் முடிவெடுக்கத் திரும்பி வரக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு தரும்போது இதே நிபந்தனையை வைக்கிறது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான கட்டத்தை நீக்கச் சொன்னது, அதை வைத்து வேலை பிரித்துக் கொடுத்த அநீதியை நிறுத்துவதற்காக. தேசியக் காப்பகம் புள்ளிவிவரம் திரட்டுவதை இது தடுக்காது என்று பின்னர் விளக்கமும் தந்தது. பாகுபாடு காட்ட எழுதும் கட்டம் வேறு, பாகுபாட்டைக் கண்டுபிடிக்க எண்ணும் கட்டம் வேறு என்பது இதிலிருந்து புரியும்.

பெயரை நீக்கினால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். சூலூர் போன்ற ஊரில் வயது, மதம், பாலினம், தொழில், வழக்கின் வகை ஐந்தையும் போட்டுவிட்டால் ஆள் யாரென்று டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் நல்ல ஆய்வுத் தரவில் ஊருக்குப் பதில் மாவட்டமும், வயதுக்குப் பதில் வயது வரம்பும் இருக்கும்.

வழக்கில் விடுதலையானவரின் பெயர் இணையத்தில் நிற்பது இன்னும் தீராத கேள்வி. 2024 பிப்ரவரியில் மதுரை அமர்வு அப்படி ஒருவரின் பெயரைத் தீர்ப்பின் பொதுப் பிரதியிலிருந்து மறைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

நாம் செய்ய வேண்டியவை

பிழையான பதிவிலிருந்து பிழையான புள்ளிவிவரம்தான் வரும். நம் பங்குக்கு இவற்றைச் செய்வோம்.

1. முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிப் படியுங்கள். புகார்தாரருக்கு அது இலவசம். உணர்வுபூர்வமான சில வகை வழக்குகள் தவிர மற்றவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி, பிரிவு ஆகியவற்றைச் சரிபாருங்கள். பிழை இருந்தால் வக்கீல் மூலம் உடனே எழுதிக் கொடுங்கள்.

2. சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடாதீர்கள். வழக்குப் பதியத் தக்க குற்றமாக இருந்தும் பதியவில்லை என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அதன் பிறகும் பதியாவிட்டால் நீதித்துறை நடுவரை அணுகலாம்.

3. வழக்கு முடிந்ததும் வாய்தா தொல்லை தீர்ந்தது என்று விட்டுவிடாதீர்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். வழக்கின் சி.என்.ஆர். எண்ணைப் போட்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் முடிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

4. பள்ளிச் சான்றிதழ், ஆதார், வாக்காளர் அட்டை எல்லாவற்றிலும் பிள்ளைகளின் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் வையுங்கள்.

5. உறவினர் விசாரணைக் கைதியாக இருந்தால், 479-ஆவது பிரிவின் காலம் எப்போது நிறைவடைகிறது என்று கணக்கிடுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

6. சதவீதச் செய்தி வந்தால், பரப்பும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த ஆண்டு? எண்ணியது வழக்கையா, ஆளையா? தண்டனை பெற்றவரா, விசாரணையில் இருப்பவரா? எதோடு ஒப்பிடுகிறார்கள்? வந்த செய்தியை விசாரித்துத் தெளியுங்கள் என்ற சூரத்துல் ஹுஜுராத்தின் கட்டளை நமக்குப் பாதகமான செய்திக்கு மட்டுமல்ல, சாதகமான செய்திக்கும் பொருந்தும்.

நம் அறக்கட்டளையும் சட்ட உதவிப் பதிவேட்டை இரண்டாகப் பிரித்து வைக்க உள்ளது. பெயரும் முகவரியும் உள்ள நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்கும். இன்னொன்றில் வரிசை எண் மட்டும் இருக்கும். ஜாமீன் உத்தரவு வந்த நாள், ஜாமீன்தாரர் கிடைத்த நாள், வெளியே வந்த நாள் ஆகியவை அதில் எழுதப்படும். "ஜாமீன் கிடைத்தும் இத்தனை பேர் இத்தனை நாள் உள்ளே இருந்தார்கள்" என்று சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் ஒருவர் பெயரும் சொல்லாமல் எடுத்துச் சொல்ல அது உதவும், இன்ஷா அல்லாஹ். தகவல் தரும் குடும்பங்கள் தேதிகளைச் சரியாகச் சொன்னால் போதும்.

வஸ்ஸலாம்.

செயலாளர்